பிள்ளை பெற்றவளுக்கு

தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் ஆராயி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தாள். உள்ளே கரும்பச்சையாய், வழவழவென்று கடல்பாசி மிதந்தது.

"மாபலிபுரத்துல கால்ல சுத்துமே, அந்தப் பாசிதான மாப்ள இது? பச்ச ஒடம்புக்காரிக்கு இதப் போயி குடுப்பாங்களா?"

மாப்பிள்ளை ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்தான். பாத்திரத்தோடு வந்து நிற்பது அவனுடைய முதலாளியம்மா, கொரியாக்காரி சூன்ஜா. படூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும், அவன் ஓட்டிய குவாலிஸ் காரில், அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

ஆராயி சொன்னதை யாரும் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறது. கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். இடது கையால் எதையும் நீட்டுவதில்லை. இந்தச் சூப்பில் வழக்கமாகப் போடும் மாட்டிறைச்சியைக்கூட, இந்த வீட்டுக்கு ஆகுமோ ஆகாதோ என்று விட்டுவிட்டிருந்தாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த பாசியில் கடைசிப் பொட்டலம் அது. அவள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான்.

"வச்சுட்டுப் போங்கம்மா, அப்பால குடிப்பா" என்றாள் ஆராயி, மரியாதையாக.

இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதும் சூன்ஜாவுக்குத் தெரியும். கார் தெருமுனை திரும்புவதற்குள் சூப் சாக்கடையில் கிடக்கும்.

மற்ற நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போயிருப்பாள். இன்று முடியவில்லை. பத்து நாள் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த ஆராயியின் மகள் விஜயகுமாரி, இதைக் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தீட்டு வீடு என்றோ, பிள்ளை பெற்றவள் சாப்பிடும்போது வெளியாள் பார்த்தால் கண் படும் என்றோ சூன்ஜாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

ஆராயிக்குச் சங்கடமாகப் போயிற்று. குனிந்து பாத்திரத்தை மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

"பூண்டும் நல்லெண்ணெயும்தான் போட்டுக்கீறாங்க. குடிடி, பால் ஊறும்."

கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். விஜயகுமாரி முதல் மடக்கை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அடுத்ததற்குச் சுளிக்கவில்லை.

கிண்ணம் காலியாகும் வரை சூன்ஜா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைக்குட்டையால் அந்த வாயைத் துடைத்துவிட்டாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். ரஞ்சித்குமாரே திகைத்துப்போனான். மேடம் இதுவரை யாரையும் தொட்டு அவன் பார்த்ததில்லை.

காலையில் சியோலிலிருந்து தங்கை போன் செய்திருந்தாள். சூன்ஜாவின் ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

பங்காளி முறையுள்ள பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா தலைமுழுகிவிட்ட மகள். அவர்கள் ஊரிலும் அது ஆகாத சம்பந்தம்.

அவளுக்கு யார் பாசிச் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தாள் சூன்ஜா.

எதிரில் கணவர் உட்கார்ந்திருந்தார்.

சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.