கோணலாய் ஒட்டிய எண்

இதை முதலில் சொன்னவர், மூக்கு மருந்துக் குப்பிகளை எடை போட்டே கண் பூத்துப்போன ஓர் ஆய்வுச் செவிலி.

காய்ச்சலுக்குப் பின் வாசனை அறியாமல் போனவர்களுக்கான ஆய்வு அது. பாதிப்பேருக்கு மருந்து; மீதிப்பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது டாக்டரின் கணினிக்குள் பூட்டிக் கிடந்தது. செவிலிக்கும் தெரியாது; தெரியவும் கூடாது. மருந்தே இல்லாமல் தானாகத் திரும்பும் மூக்கும் உண்டு, தலைகாட்டிவிட்டு மறையும் வாசனையும் உண்டு. அதனால்தான் இந்த ஏற்பாடு.

மாதம் ஒருமுறை நோயாளிகள் குப்பியைக் கொண்டுவந்து எடை காட்ட வேண்டும்.

அன்று வந்த இரண்டு குப்பிகளிலும் எண் சீட்டு கோணலாக இருந்தது. பிரித்து ஒட்டிய சுருக்கம் பளிச்சென்று தெரிந்தது.

செவிலிக்குச் சலிப்பாக வந்தது. மூன்றாவது ஆண்டாக இழுத்துக்கொண்டிருக்கும் ஆய்வு. இதற்குள் பாதிப்பேர் கழன்றுவிட்டார்கள்.

குப்பிகளுக்கு உரியவர்கள் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். வெளியே நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவள் ரொட்டிக்கடை அடுப்பைப் பார்ப்பவள். "இன்னொரு தட்டு கருகினா வேற ஆளைப் போட்டுடுவேன்னு கடை முதலாளி சொல்லிட்டார் சிஸ்டர்" என்று முதல் நாளே கண் கலங்கியவள். போன மாதம் அவளுக்குக் கருகல் வாசனை லேசாகத் தெரிந்தது. இன்றோ, கிராம்புக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன மாதம் ஒன்றும் அறியாத சின்னவள், இன்று எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னாள்.

இதற்குமேல் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது?

"உள்ள வாம்மா" என்று சின்னவளை அழைத்தார் செவிலி. "மூக்கு எப்படித் திறந்துச்சு?"

"நீங்க குடுத்த சொட்டு மருந்துதான் சிஸ்டர்."

"உனக்குக் குடுத்ததா, உங்க அக்காவுக்குக் குடுத்ததா?"

செவிலி குப்பியின் கோணல் சீட்டைச் சுட்டிக் காட்டினார்.

"அவங்க பொழப்பே மூக்குல இருக்கு. அதுல கை வைக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நானா? அவங்க தண்ணி குடிச்ச டம்ளரைக்கூடத் தொடமாட்டேன். அடுப்பைப் பிரிச்சதிலிருந்து மூஞ்சி பாத்துப் பேசறதே இல்லை."

"அடுப்பைப் பிரிச்சீங்க. ஃப்ரிட்ஜைப் பிரிக்கலையே? ரெண்டு குப்பியும் அதுலதானே இருக்கு?"

கதவு திறந்தது. பெரியவள் நின்றிருந்தாள்.

"அவளை விடுங்க சிஸ்டர். சீட்டைப் பிரிச்சு மாத்தி ஒட்டினது நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"போன தடவை இங்க வந்துட்டுப் போன மறுநாள், அவ அடுப்புல கேஸ் திறந்தபடி கெடந்துச்சு. பக்கத்துலயே உக்காந்து குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கா. எனக்கு லேசா நாத்தம் அடிச்சது. ஓடிப்போய் மூடினேன். 'இங்க என்ன வேலை'ன்னு முறைச்சா."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிஜ மருந்து என்கிட்டதான் வந்திருக்குன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. என் அடுப்புல கருகினா ரொட்டிதான் கருகும் சிஸ்டர்."

"சொல்லியே குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா வாங்குவாளா? ரோஷக்காரி."

செவிலி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை.

"மனசு பெரிசுதான். ஆனா எங்க கணக்கு பாழாப்போச்சும்மா. ரெண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துட வேண்டியதுதான்."

சின்னவள் மேசையிலிருந்த தன் குப்பியை எடுத்து, தானே தராசில் வைத்தாள்.

"இதுல எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பதினெட்டு மில்லி."

"அப்படியே அக்காகிட்ட குடுத்துடுங்க. நானா குடுத்தா வாங்கமாட்டாங்க. அவங்க மட்டும் என்ன, ரோஷம் இல்லாதவங்களா?"

"டாக்டரைக் கேக்காம குடுக்க முடியாது" என்று செவிலி பக்கத்து அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

டாக்டர் முதலில் கடிந்துகொண்டார். பிறகு கணினியைத் திறந்து இரண்டு எண்களையும் பார்த்தார்.

"திங்கட்கிழமை பெரியவங்களை வரச் சொல்லுங்க. இனி அவங்க ஆய்வுல இல்லையே, நானே நேரா மருந்து குடுத்துப் பாக்கறேன்."

"அந்தக் குப்பி, சார்?"

"தாராளமாக் குடுங்க" என்றவர், காரணத்தையும் சொல்லி அலுப்போடு சிரித்தார்.

செவிலி திரும்பி வந்தபோது, வெளியே நடு நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கைக்குட்டையில் பெரியவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

சொல்ல வாயெடுத்த செவிலி, மூடிக்கொண்டார். திங்கட்கிழமை டாக்டரே சொல்லிக்கொள்ளட்டும்.

"இந்தாங்க, உங்க தங்கச்சி திருப்பிக் குடுத்தது" என்று குப்பியைப் பெரியவள் கையில் வைத்தார்.

பதினெட்டு மில்லி உப்புத் தண்ணீர், ஒரு சொட்டும் குறையாமல்.