நிரம்பிய பேட்டரி

மோட்டாரின் முனகல் நின்றது.

இறக்கத்தில் அது நிற்கக் கூடாது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை அவன் எப்போதோ எடுத்துவிட்டான். நேற்று இதே இடத்தில், காலை எடுத்ததும், மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டது. மலைவிடுதியின் வாயிலிலிருந்து கீழ்க்குடில்கள் வரை அந்தப் பழைய பேட்டரி கார் முனகியபடியே, நடக்கும் வேகத்தில் இறங்கியது.

இன்று காற்றின் ஓசை மட்டும்.

"பரவால்லையே," என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி. "காயலாங்கடைக்குப் போக இருந்த வண்டி. பஸ்ஸெல்லாம் தோத்துச்சு போங்க."

அவளை அவன் அழைக்கவில்லை. ஆள் பாரமில்லாமல் என்ன சோதனை என்று அவளாகவே ஏறிக்கொண்டாள். மாலையில் விருந்தினர் வருகிறார்கள். அதற்குள் ஓடாவிட்டால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

பிரேக்கை மிதித்தான்.

மிதி அடிவரை போனது. வண்டி கேட்கவில்லை.

பிரேக் லைனிங் தேய்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். முதலாளி கொடுத்த பணம், சேலத்தில் வாங்கிய பழைய லித்தியம் பேட்டரிக்கே சரியாகிவிட்டது. லைனிங்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

மோட்டார்தான் பிடிக்கிறதே.

நேற்று பேட்டரியில் பாதி சார்ஜ்தான் இருந்தது. இன்று காலை முழுதாக ஏற்றினான். பச்சை விளக்கு எரிவதைச் சற்று நேரம் நின்று ரசிக்கவும் செய்தான்.

இப்போது விளங்கியது. மோட்டார் வண்டியைப் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள்தான் திரும்பிப் போக வேண்டும். உள்ளே இடமில்லை. பேட்டரி தன்னைத் துண்டித்துக்கொண்டுவிட்டது.

அது தன்னைக் காத்துக்கொண்டது.

முதல் வளைவு.

ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. பிறகு, ஏதோ இரக்கத்தால் போல, மீண்டும் பதிந்தன.

அவன் அவளைப் பார்த்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. என்னைய அப்புறமாப் பாத்துக்கலாம்."

அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் குதித்துவிடுவாள். சில்வர் ஓக் மரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின.

அடுத்த வளைவுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. அதற்கப்பால் பள்ளம்.

அவனுக்குப் பள்ளம் மட்டுமே தெரிந்தது.

"ஏங்க." அவசரமில்லாத குரல். "எடது பக்கம் மேல ஏறுதே ஒரு மண்பாதை, அங்க காப்பிக் களம் இருக்காமே. திருப்புங்க. பாத்துட்டுப் போலாம்."

திருப்பினான்.

ஏற்றம் வண்டியை வாங்கிக்கொண்டது. வேகம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. களத்தின் சமதளத்தில், காயப்போட்டிருந்த காப்பிப் பழங்களுக்குள் புகுந்து, வண்டி நின்றது.

சிவந்த பழங்கள் சக்கரத்தடியில் நசுங்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடினான்.

அவள் இறங்கவில்லை. களத்தையும் பார்க்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான்.

அவளுடைய வலது கால் வெறும் தகரத் தளத்தை மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பின் வார் அறுந்து விலகியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

வண்டி நின்ற பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.