அட்சரம் பிசகாமல்

"நன்றி மறந்த அண்டை நாடு" என்று முதல் தலைப்பை வாசித்தேன்.



டைனிங் டேபிளின் எதிர்ப்பக்கம் என் மகன் செழியனின் விரல் லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்குள் 'சம்மதம்' என்ற பொத்தானை அவன் அமுக்கியாக வேண்டும். அமுக்கினால், ஆகஸ்டில் மூன்று பேரும் டெக்ஸஸில் கேட்டி ஊரில் இருக்கும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கஜகஸ்தான் போவார்கள். காஸ்பியன் கடலோரம் எண்ணெய் வயல். மூன்று வருஷம், குடும்பத்தோடு.

இத்தனை நாள் அவன் மட்டும்தான் போய்வந்தான். இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் இங்கே. இனி மருமகள் விஷாகாவும் ஆறு வயது அதிதியும் கூட.

எல்லாம் முடிவான விஷயம்தான். அதிதிக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. டெக்ஸஸ் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி முட்டி வரை வரும் பனி பூட்ஸும் வாங்கியாயிற்று. கடைசியாக, ராகுகாலம் பார்ப்பதுபோல, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். ரஷ்யாக்காரர்கள் அந்த நாட்டைப் பற்றி இப்போது என்னதான் எழுதுகிறார்கள்?

ஆளைப் பார்த்துத்தான் கேட்டார்கள். நெய்வேலியில் சோவியத் எஞ்சினியர்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். இன்றைக்கும் காலை காபியோடு நாலைந்து ரஷ்ய நியூஸ் சைட்டுகளைப் பார்க்காவிட்டால் எனக்கு வயிறு இளகாது.

மற்றபடி என் பேச்சை இந்த வீட்டில் நாலால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். மக்கர் பண்ணிய பாய்லரை ரஷ்யக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லியே கிளப்பினேன் என்பேன். போரிஸ் என்ற எஞ்சினியர் ஆவக்காய் ஊறுகாய்க்காக மாஸ்கோவிலிருந்து தனி விமானம் அனுப்பினார் என்பேன். விமானம் நிஜம், ஊறுகாய் நிஜம். நடுவில் இருப்பது மட்டும் என்னுடையது.

ஆனால் மொழிபெயர்ப்பில் நான் கைவைத்ததில்லை. போரிஸ் எங்கள் சீஃப் எஞ்சினியரைக் கழுதை என்று திட்டினார். நான் கழுதை என்றே தமிழில் சொல்லி மெமோ வாங்கினேன். அந்த மெமோவைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தேன். செழியன் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

இரண்டாவது தலைப்பு. "நம் மொழி பேசுவோரை அங்கே நிம்மதியாக இருக்க விடுகிறார்களா?"

விஷாகா அதிதியை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

மூன்றாவது. "அந்த எல்லைக்கோட்டைப் போட்டது யார்?"

டேப்லட்டை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

செழியன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். அதிலேயே மொழிபெயர்ப்பு வரும். அவன் மணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தான். மனுஷனை எதிரில் வைத்துக்கொண்டு மெஷினைக் கேட்கும் வளர்ப்பில்லை அவன்.

"அப்பா, அப்படியேவா போட்டிருக்கான்?"

"அட்சரம் பிசகலடா."

விஷாகா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். யாரையும் பார்க்கவில்லை. 'வேண்டாம்' என்பதில் ஒரே ஒரு தட்டு. வேண்டாம் என்று சொன்னவனை அந்தக் கம்பெனி எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்பது பெரியவர்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதிதி அந்த பூட்ஸ் என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம் என்று அவள் அம்மா தமிழில் சொன்னாள். மூவரும் எழுந்து மாடிக்குப் போனார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரியில் இதே மேஜைக்கு சேக் தாவூத் வந்திருந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவருடைய தங்கை மகன் ஹஸ்னைன் அப்போது உக்ரைனில், கார்கிவில், டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். உடனே கிளம்பச் சொல்வதா, பரீட்சையை முடிக்கட்டும் என்று விடுவதா என்று அவருக்குக் குழப்பம். ரஷ்யாக்காரர்கள் உக்ரைனைப் பற்றி எழுதியிருந்ததை அன்றும் நான்தான் வாசித்துக் காட்டினேன். உள்ளது உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

கேட்கக் கேட்க தாவூதின் முகம் தெளிந்தது.

"இவ்ளோ பாசமா எழுதுறவங்க என்ன பண்ணிடப் போறாங்க அங்கிள்" என்றார். என் எதிரிலேயே போன் போட்டு, பரீட்சை எழுதிவிட்டு வா என்று பையனிடம் சொன்னார்.

ரஷ்யா குண்டு போட, ஹஸ்னைன் ஒன்பது நாள் மெட்ரோ சுரங்கத்தில் கிடந்தான். உயிரோடு வந்துவிட்டான். இப்போது கீழக்கரையில் இருக்கிறான். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் தரையில் படுத்துவிடுகிறான் என்று தாவூத் சொல்வார்.

மாடியில் பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. செழியன் இறங்கி வருவதற்குள் டேப்லட்டில் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும்.

மூடுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன். கஜகஸ்தானைப் பற்றி இன்று அங்கே இருந்தது மூன்றே தலைப்புகள்.

"நம் சகோதர மக்கள்."

"ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாம்."

"நம்மைப் பிரிக்க எந்தக் கோடும் இல்லை."