ஒட்டடைக் கம்பு வித்வான்

"ஒன்பது வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில இது ஓனர் கைக்குப் போகும். மாசக் கடைசியில மாடி வீடு காலி" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்குக் கோபமும் மூக்கு நுனியிலேயே இருக்கும். காப்பியை ஒரு வாய் குடித்தவர், டம்ளரை ணங்கென்று மேஜையில் வைத்தார். மனைவி பேசாமல் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.

"எப்படியும் போகத்தானே போறாங்க. இன்னிக்கு அவங்க கச்சேரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமே. வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க."

"கச்சேரியா அது? ஆறு மாசமா தினம் கேட்கிறோமே, பத்தாதா?"

மாடியில் ஒரு அக்கா, ஒரு தங்கை, அக்காவின் புருஷன். மூன்று பேரும் வேலை விட்டு வந்ததும் எதையெதையோ வயரால் இணைத்துக் குய்யோ முறையோ என்று ஆரம்பிப்பார்கள். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. இவர் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் டொக் டொக் டொக் என்று மூன்று இடி இடிப்பார். சத்தம் நிற்கும். ஐந்து நிமிஷத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திமிர் என்பது அவர் கட்சி.

"சரி, வரேன்" என்றார் திடீரென்று. "எத்தனை பேர் காதைப் பொத்திக்கிட்டு ஓடறாங்கன்னு பார்த்துட்டு, அதையும் கடிதத்துல ஒரு வரி சேர்த்துடறேன்."

கச்சேரி நடந்த இடம் ஒரு பழைய மேஜை நாற்காலிக் கிடங்கு. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் இரண்டில் மட்டும் 'கீழ் வீடு' என்று காகிதம் ஒட்டியிருந்தது.

"பார்த்தியா, ஐஸ் வைக்கறாங்க" என்றபடி உட்கார்ந்தார்.

கச்சேரி ஆரம்பித்தது. அக்காக்காரி ஷேவிங் மெஷினை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தங்கை ஒரு ரேடியோவை எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் திருகிக்கொண்டே இருந்தாள். அக்கா புருஷன் ஒழுகுகிற குழாயை மூடுகிறவர் மாதிரி ஒரு குமிழை முறுக்கினார்.

"இதுக்கு ரிப்பேர் கடையில போய் உட்காரலாம்" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

"உஷ்."

கூட்டத்தில் ஒருவரும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை வேறு ஆட்டினார்கள். அதில் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

கடைசியில் அக்காக்காரி மைக்கைப் பிடித்தாள்.

"அடுத்து வர்றதுதான் எங்களை ரொம்பப் படுத்தினது. எங்கயோ இடறும், எங்கேன்னு பிடிபடாது. ஆனா கீழ் வீட்டு சாருக்குப் பிடிபட்டுடும். டொக் டொக் டொக்னு தட்டிடுவார். நாங்க நிறுத்திட்டு அந்த இடத்தைத் திரும்பக் கேட்போம். நிஜமாவே அங்க ஒரு தப்பு இருக்கும். அத்தனையும் குறிச்சு வெச்சுத் திருத்தினோம். சார் ஒரு தடவைகூடத் தப்பாத் தட்டினதில்லை."

மொத்தக் கிடங்கும் முன்வரிசையைப் பார்த்துக் கை தட்டியது.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேருக்குக் கண் தெரிய வைத்தவர்தான். ஆனால் அவருக்காக யாரும் கை தட்டியதில்லை.

பாட்டு தொடங்கியது. இரைச்சல் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் டொக் டொக் டொக். அவருடைய கம்புதான், அவருடைய கூரைதான். மாடித் தரையில் மைக்கை வைத்துப் பதிவு பண்ணியிருக்கிறார்கள். அடுத்த டொக் எப்போது வரும் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

வெளியே வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு தடவைகூடத் தப்பாத் தட்டினதில்லையாம். கேட்டியா?"

"கேட்டேன்."

"எனக்குள்ள இப்படி ஒரு ஞானம் இருக்குன்னு எனக்கே தெரியாது பாரு." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு ஏதோ உறைக்க, அப்படியே நின்றார். "ஆமா, நான் திருத்தத்தான் தட்டறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வேற யாரா இருந்தாலும் கோபத்துல தட்டறார்னுதானே நினைச்சிருப்பாங்க?"

"அப்படித்தான் நினைச்சாங்க. முதல் நாளே அந்தத் தங்கச்சிப் பொண்ணு அழுதுக்கிட்டே பெட்டி கட்ட ஆரம்பிச்சிடுச்சு. நான்தான் மாடிக்குப் போய்ச் சொன்னேன்."

"என்னன்னு?"

"கல்யாணமான புதுசுல நீங்க டம்ளரை ணங்குனு வெச்சதும் நான் அழுதேன். அன்னிக்கு உங்க அம்மா எனக்குச் சொன்னதையேதான் சொன்னேன். 'அவனுக்குக் கோபமே வராதும்மா. எங்க தப்பு இருக்கோ, அங்க ஒரு சத்தம் கொடுப்பான், அவ்வளவுதான்'னு."

அவர் கையில் கடிதம் இரண்டு துண்டாக இருந்தது.

"நீ அதை நம்பினியா?"

மனைவி அந்தத் துண்டுகளை வாங்கி நிதானமாகப் பொடிப்பொடியாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைங்க மாதிரியேதான். நீங்க சத்தம் கொடுத்த இடத்தையெல்லாம் இருபத்தாறு வருஷமா குறிச்சு வெச்சுத் திருத்திக்கிட்டு வரேன். என்ன, எனக்குத்தான் இன்னும் யாரும் கை தட்டலை."