சுழி இல்லாத தாள்

என்னிடம் பதினாலு நோட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே வெறும் தாள். கேட்டவர்களிடமெல்லாம், முதல் நாவலுக்கு நான் இன்னும் தயாராகவில்லை என்று பெருமையாகவே சொல்லித் திரிந்தேன்.

தங்கை வடிவின் கணவன் இறந்த மூன்றாம் நாள், “எழுதுற ஆளு நீதானப்பா, கருமாதிச் சாமான் பட்டியல நீயே போடு” என்று சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். சாவுக் காரியத்துக்கு எழுதும் தாளில் சுழி போடமாட்டோம். போடாமலேயே ஆரம்பித்தேன். நல்லெண்ணெய், எள், வாழை இலை. அதற்குக் கீழே கை தன் பாட்டுக்கு ஓடியது: ‘அவன் வாயில் வழிந்த நுரையை முந்தானையால் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.’

அவன் உயிர் பிரிந்த அன்று நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவன் தலையைத் தாங்கிப் பிடிக்கக்கூடக் குனியவில்லை. வடிவு எதனால் துடைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், பாவி. ஆனாலும் ‘நுரையை’ என்பதை அடித்துவிட்டு ‘கோழையை’ என்று எழுதினேன். இப்போது வாக்கியம் இன்னும் நன்றாக இருந்தது.

மூலையில் சுருண்டு கிடந்த வடிவு தலையைத் தூக்கினாள்.

“எழுதி முடிச்சிட்டியாண்ணே?”

தாளை உள்ளங்கையால் மறைத்தேன். வீங்கிச் சிவந்திருந்த அவள் கண்களுக்கு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே, “இப்பத்தாம்மா ஆரம்பிச்சிருக்கேன்” என்றேன்.