ஆலிவ் கொட்டைக் கரித்தொட்டி

என்னோடு வேலை செய்யும் லம்ஜெத், தன் வாயிலிருந்து ஆலிவ் கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறார். “பத்திரமா வெச்சுக்கோ சுஆத். இதையும் கரியாக்கி மொதலாளி சாயத்தண்ணிய வெளுத்துக் காட்டுவாரு.” ஜீன்ஸ் துவைக்கும் பட்டறையின் முற்றத்தில், கடல் வெயிலில், நாங்கள் மரியாதைக்கு ‘சி’ சேர்த்துக் கூப்பிடும் முதலாளி, சி தவ்ஃபீக், அத்தர் மணக்க நிற்கிறார். சாயத்தண்ணீரை வடிகட்ட ஆலிவ் கொட்டைக் கரி நிரப்பிய இரும்புத் தொட்டி விருந்தாளிகள் வரும் அன்றைக்கு மட்டும்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் சாயம் வாய்க்கால் வழியாக நேரே கடலுக்குப் போகும். இன்று வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் வருகிறார்கள். “மாசக்கணக்கா மூடியே கெடக்கே, சி தவ்ஃபீக்,” என்று லம்ஜெத் தயங்குகிறார். “வெறும் கரிதானேடா! உள்ள பூதமா இருக்கு? எறங்கிக் கிளறு.” “பூதம் வெளியிலதான் நிக்குது,” என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, மூடியைத் திறந்து மண்வெட்டியோடு ஏணியில் இறங்குகிறார். மூடிய தொட்டிக்குள் இருந்த உயிர்க்காற்றையெல்லாம் ஈரக்கரி ஏற்கெனவே குடித்து முடித்திருக்கிறது. மிஞ்சிய காற்றுக்கு எச்சரிக்க ஒரு வாசனைகூடக் கிடையாது. மண்வெட்டி ஒருமுறை உரசுகிறது, பிறகு விழுகிறது. வெள்ளைச் சட்டைக்கையில் கரி படாதபடி எட்டிப் பார்த்து, “தூங்குறான் பாரு, சோம்பேறி! கார் வந்தாச்சு!” என்று கத்துகிறார் அந்தப் பெரிய மனிதர். நான் ஏணியைப் பற்றுகிறேன். நானும் உள்ளே விழுந்துவிடாதபடி வேலையாட்கள் இரண்டு பேர் என்னைப் பின்னால் இழுக்கிறார்கள். முதலாளி முகத்தில் புன்னகையைப் பொருத்திக்கொண்டு, முன்பு தொட்டி ஓடிய நாளில் பிடித்து மேசையில் வைத்திருந்த தெளிந்த நீர்ப் புட்டியை ஏந்தி வாசலுக்குப் போகிறார். “குடிக்கவே குடிக்கலாம்,” என்று அவர்களிடம் சொல்வது எனக்குக் கேட்கிறது. அவர் குடிக்கவில்லை. மதிலுக்கு வெளியே வாய்க்கால் நீலமாக ஓடுகிறது. இன்றும் நீலமாகத்தான் ஓடுகிறது.