மூன்றாம் நாள் இட்லி

சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் காலை. ஓரகத்தி மங்கையர்க்கரசி அடுப்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்ததும் கலைவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மங்கை கையில் கட்டியிருந்த காப்புக் கயிறு அவிழ்ந்து தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்னக்கா இது?"

"பசி தாங்கலம்மா. கண்ணு இருட்டிக்கினு வருது."

பிள்ளை வரம் கேட்டுப் பதினொரு வருஷமாக ஆறு நாளும் வெறும் தண்ணீரில் இருந்தவள். குமரகோட்டம் முருகன் கோயிலுக்கு அவள் நடந்து போனால் தெருவே வழி விடும்.

பக்கத்து வீட்டு அம்சா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மங்கை, மூணாம் நாளே முருகனுக்கு டாட்டாவா? சட்னியாவது நல்லா இருக்குதா?"

"இருக்குது. வந்து உக்காரு, உனக்கும் வைக்கிறேன்" என்றாள் மங்கை, அசராமல்.

கலைவாணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி ஓரகத்திகள் சேர்ந்து காப்புக் கட்டினால், ஒருத்தி அவிழ்த்த நிமிஷமே மற்றவள் விரதமும் செல்லாது. இந்த வருஷம் கலைவாணியும் அவளோடு சேர்ந்துதான் காப்புக் கட்டியிருந்தாள்.

மாசியில் கலைவாணிக்கு ஒரு கண் மங்கி, கால் மரத்துப்போனது. 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு நோய்' என்றார் டாக்டர். காலையும் இரவும் சாப்பாட்டோடு ஒரு கேப்சூல். நாளைக்குத் தன் மூன்று வயது மகளைத் தூக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவள் முருகனிடம் போனாள். வெறும் வயிற்றில் போட்டால் அந்த மருந்து குடலைப் புரட்டும். அதனால் இரண்டு நாளாகப் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பசியைத் தாங்கிவிட்டதில் உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட.

"ஆறு நாளும் இருந்திருப்பேன். உங்களால கெட்டுது."

"கெட்டது கெட்டுப்போச்சு. ஆறிப்போவுது, உக்காரு."

அழுதுகொண்டே நாலு இட்லி சாப்பிட்டாள். மாத்திரை டப்பாவைத் திறந்ததும் பயம் வந்துவிட்டது. விட்டுப்போன நாலையும் சேர்த்துப் போடுவதா? ஆஸ்பத்திரி சிஸ்டர் சுகாசினிக்குப் போன் போட்டாள்.

"கலைவாணியா? விட்டதைச் சேர்த்தெல்லாம் போடாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இந்த வேளைக்கு ஒண்ணுதான். உடைக்காம, மெல்லாம அப்படியே முழுங்குங்க. இனிமே டாக்டரைக் கேக்காம நிறுத்தற வேலை வேணாம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே சிஸ்டர்?"

"உங்க மங்கை அக்கா ஆறு மணிக்கே கூப்பிட்டாங்க, டப்பால மாத்திரை குறையலன்னு. நீங்களே எடுத்துச் சொல்லுங்கன்னேன். 'அவ பிடிவாதக்காரி, கேக்க மாட்டா. என் காப்பை அவுத்துட்டா அவளுதும் செல்லாது'ன்னாங்க."

கலைவாணி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"'அப்ப உங்க பன்னெண்டாவது வருஷ விரதம் என்னாவறது'ன்னு அவங்களைக் கேட்டேன். 'எனக்கு வரப்போற புள்ளை இன்னொரு வருஷம் காத்துக்கினு இருக்கட்டும் சிஸ்டர். வந்து நிக்கிற புள்ளைக்கு அவங்கம்மா வேணும்'னாங்க."